அளந்து பார்த்த பின்பே பேசிய அல்பிரூனி

பேருவளை சீனன்கோட்டையிலோ இரத்தினபுரியிலோ மாணிக்கக்கல் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். நிறத்தை மட்டும் நம்பி அவர் காசை எண்ணிக் கொடுக்க மாட்டார். சிவப்பாக இருப்பதெல்லாம் சிவப்புக்கல் ஆகாது. நீலமாக இருப்பதெல்லாம் நீலக்கல் ஆகாது. சந்தேகம் வந்தால் கல்லை முதலில் காற்றில் நிறுத்து, பிறகு நீரில் அமிழ்த்தி நிறுத்துப் பார்ப்பது இன்றும் உள்ள ஒரு சோதனை. நல்ல நீலக்கல் தன் பருமனளவு தண்ணீரைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு கனம். சாதாரணக் கண்ணாடி இரண்டரை மடங்குதான். நிறத்தில் ஏமாற்றலாம், நிறையில் ஏமாற்றுவது கடினம்.

நாம் பாடசாலையில் சாரடர்த்தி என்று படித்த இந்த எண்ணை, உலோகங்களுக்கும் இரத்தினங்களுக்கும் ஒவ்வொன்றாக அளந்து அட்டவணையாக எழுதி வைத்த ஒரு முஸ்லிம் அறிஞர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார். அவர்தான் அபூ றைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்பிரூனி. சரந்தீபை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் யாகூத் கற்கள் விளையும் நாடு என்று நமது தீவை அறிந்திருந்தார்.

அவருடைய பெயர் நமக்குப் புதிதல்ல. விஞ்ஞானத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு என்று மேடையில் பேசும் எவரும் இப்னு சீனா, இப்னுல் ஹைதம், ஜாபிர் இப்னு ஹையான் என்று வரிசையாகச் சொல்லி அவருடைய பெயரையும் சேர்த்துக் கொள்வார்கள். மீலாத் விழாப் போட்டிகளில் பிள்ளைகள் அந்தப் பட்டியலை மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள். ஆனால் அவர் உண்மையில் என்னதான் செய்தார், எப்படிச் செய்தார் என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டால் நம்மில் பெரும்பாலானோரிடம் பதில் இல்லை. பட்டியலைவிட அந்த மனிதரின் வாழ்க்கை பல மடங்கு சுவையானது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஹிஜ்ரி 362 துல்ஹஜ் மாதம், அதாவது கி.பி. 973 செப்டம்பர் மாதத்தில், குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரத்துப் புறப்பகுதியில் பிறந்தார். இன்றைய உஸ்பெகிஸ்தானில் அமூ தர்யா ஆறு ஓடும் பகுதி அது. பிரூன் என்றால் பாரசீகத்தில் வெளியே என்று பொருள். நகரத்துக்கு வெளியே பிறந்தவர் என்ற அர்த்தத்தில்தான் இந்தப் பெயர் வந்தது. பெற்றோரைப் பற்றி வரலாறு அதிகம் பேசவில்லை. ஆனால் நல்ல ஆசிரியர் ஒருவர் வாய்த்தார். அரச குடும்பத்தைச் சேர்ந்த அபூநஸ்ர் மன்சூர் இப்னு இராக் என்ற அந்த ஆசிரியர் தன் காலத்தின் மிகச் சிறந்த கணிதவியலாளர்களில் ஒருவர். இளவரசர் ஒருவர், பேர் தெரியாத குடும்பத்துச் சிறுவனுக்கு முக்கோணக் கணிதம் கற்பித்தார். பிற்காலத்தில் தானே எழுதிய பன்னிரண்டு நூல்களை அந்த மாணவனின் பெயருக்கே அர்ப்பணித்தார். ஆசிரியர் மாணவருக்கு நூலை அர்ப்பணிப்பது அந்தக் காலத்திலும் சரி இந்தக் காலத்திலும் சரி அபூர்வமான விடயம்.

பதினேழு வயதில் சூரியனின் உச்சி உயரத்தை அளந்து காத் நகரின் அகலாங்கைக் கண்டுபிடித்தார். இருபது வயதைத் தாண்டிய சில ஆண்டுகளில் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 995ஆம் ஆண்டு அவருடைய ஆசிரியரின் குடும்பம் ஆட்சியை இழந்தது. இளம் பிரூனி உயிர் தப்பி ஓடினார். இன்றைய தெஹ்ரானுக்கு அருகிலுள்ள றை நகரில் கையில் காசில்லாமல் அலைந்த காலத்தைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். வானியல் விடயமொன்றில் தான் சொன்ன சரியான கருத்தை அங்கிருந்த சோதிடர் ஒருவர் ஏளனம் செய்தாராம். காரணம், சொன்னவர் ஏழை. பின்னர் நிலைமை மாறியபோது அதே மனிதர் நண்பராகிவிட்டார் என்று எழுதுகிறார். கசப்பில்லாமல், ஒரு வானியல் அவதானிப்பைக் குறித்து வைப்பது போலவே இதையும் குறித்து வைத்திருக்கிறார்.

அதே றை நகரில் அல்குஜந்தி என்ற மூத்த வானியலாளர் மலை மீது பிரமாண்டமான ஒரு கருவியைக் கட்டியிருந்தார். அதன் வில்லின் ஆரை ஏறத்தாழ 20 மீற்றர். கருவி பெரிதானால் பாகையின் சிறிய பிரிவுகளையும் வாசிக்கலாம், பிழை குறையும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் பூமியின் அச்சுச் சாய்வுக்குக் கிடைத்த விடை எதிர்பார்த்ததை விடக் குறைவாக இருந்தது. வானமே மாறிவிட்டதா? பிரூனி அந்த முதியவரிடம் நேரில் பேசி விசாரித்தார். கட்டடத்தின் பாரத்தால், ஒளி நுழையும் துளை இருந்த பகுதி ஒரு சாண் அளவு கீழிறங்கியிருந்தது தெரிய வந்தது. பிழை வானத்தில் இல்லை, அத்திவாரத்தில் இருந்தது. பௌதிகவியல் செய்முறை வகுப்பில் கருவிப் பிழையைத் திருத்திய பிறகே வாசிப்பை எழுது என்று ஆசிரியர் சொல்வாரே, அந்தப் பாடத்தைப் பிரூனி இருபத்திரண்டு வயதளவில் படித்து முடித்துவிட்டார்.

997 மே 24ஆம் திகதி இரவு ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. அதற்கு முன்பே அவர் பக்தாதில் இருந்த மாபெரும் கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானியுடன் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அவர் பக்தாதில் பார்ப்பார், இவர் காத் நகரில் பார்ப்பார். கிரகணம் உலகுக்கு ஒரே கணத்தில்தான் நிகழ்கிறது. ஆனால் இரண்டு ஊர்களின் உள்ளூர் நேரம் வேறு. அந்த வித்தியாசம் சுமார் ஒரு மணித்தியாலமாக வந்தது. ஒரு மணித்தியாலத்துக்குப் பதினைந்து பாகை என்று கணக்கிட்டால் இரண்டு நகரங்களுக்கும் இடையிலான நெட்டாங்கு வித்தியாசம் கிடைத்துவிடும். தொலைபேசி இல்லாத, தபாலுக்கு மாதக்கணக்கான காலத்தில், முகம் காணாத இரண்டு அறிஞர்கள் ஒரே இரவில் ஒரே பரிசோதனையைச் செய்திருக்கிறார்கள். அபுல் வஃபா அடுத்த ஆண்டே காலமானார்.

இதற்குச் சற்றுப் பிந்திய காலத்தில்தான் இப்னு சீனாவுடனான கடிதப் போக்குவரத்து நடந்தது. இப்னு சீனா அப்போது இருபது வயதை எட்டாத, ஆனால் ஊரெல்லாம் பெயர் பெற்ற இளைஞர். பிரூனி பதினெட்டுக் கேள்விகளை அனுப்பினார். பத்து, வானம் பற்றிய அரிஸ்டாட்டிலின் நூல் தொடர்பானவை. எட்டு, நேரடியான பௌதிகவியல் கேள்விகள். பொருட்கள் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்குகின்றன என்றால், தண்ணீர் உறையும்போது அதை அடக்கியிருந்த பாத்திரம் ஏன் உடைகிறது? பனிக்கட்டி ஏன் தண்ணீரில் தாழாமல் மிதக்கிறது? வாயால் காற்றை உறிஞ்சிய போத்தலை நீரில் கவிழ்த்தால் தண்ணீர் ஏன் மேலேறுகிறது? சூரியனின் வெப்பம் நமக்கு எப்படி வந்து சேர்கிறது?

இவை சமையலறையில் எழும் கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் அன்றைய தத்துவத்தின் அடித்தளத்தையே தட்டிப் பார்க்கும் கேள்விகள் அவை. பனிக்கட்டி மிதப்பதற்கு உள்ளே அகப்பட்ட காற்றுப் பகுதிகளே காரணம் என்று இப்னு சீனா விளக்கினார். தண்ணீர் உறையும்போது சுருங்காமல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விரிகிறது என்பதுதான் உண்மைக் காரணம் என்று இன்று சாதாரண தரப் பிள்ளைக்கும் தெரியும். பிரூனியிடமும் முழு விடை இருக்கவில்லை. ஆனால் கொள்கை ஒன்று சொல்கிறது, போத்தல் வேறொன்று சொல்கிறது என்றால் போத்தலின் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். முன்னோரான தத்துவஞானிகள் சொன்னார்கள் என்பதே ஆதாரமாகாது என்றும் வாதிட்டார். பதில்களுக்கு அவர் எழுதிய மறுப்பு சற்றுக் கடுமையாகவே அமைந்தது. இப்னு சீனா மேற்கொண்டு தான் எழுதாமல் தன் மாணவர் அல்மஃஸூமியிடம் பேனையைக் கொடுத்துவிட்டார். பெரிய மனிதர்களுக்கிடையிலும் இப்படி நடப்பதுண்டு.

கஸ்பியன் கடலோர ஜுர்ஜான் நாட்டு மன்னர் காபூஸின் அவையில் தங்கியிருந்தபோது, சுமார் 1000ஆம் ஆண்டில், பல சமூகங்களின் நாட்காட்டிகளை ஒப்பிடும் தன் முதல் பெரிய நூலான அல்ஆஸாருல் பாகியாவை எழுதினார். வயது இருபத்தேழு. யூதர், கிறிஸ்தவர், பாரசீகர், அரபிகள் என ஒவ்வொருவரும் காலத்தை எப்படி எண்ணினார்கள் என்பதே அதன் பொருள். அதில் நம் நாட்டு வாசகர்களின் காதில் உடனே விழக்கூடிய ஒரு பகுதி உண்டு. பிறையைப் பார்க்காமல், மாதங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக 30, 29 என்று வகுத்த அட்டவணையைக் கொண்டே றமழானைத் தீர்மானித்த ஒரு குழுவினரை அவர் கடுமையாக விமர்சிக்கிறார். அட்டவணை தருவது சராசரிக் கணக்கு. உண்மையான பிறைத் தோற்றமோ சந்திரனின் ஓட்டம், ஊரின் அகலாங்கு, அடிவானத்தின் நிலை என்று பலவற்றைச் சார்ந்தது. இலகுவில் ஒரு வரியில் அடங்காது என்கிறார். அன்றைய உலகின் தலைசிறந்த கணக்காளர் ஒருவர், கணக்கின் எல்லை எதுவென்று இப்படி எழுதினார். ஒவ்வொரு வருடமும் ஷஃபான் 29 இரவில் நம்மிடையே நடக்கும் வாதங்களில் இரு தரப்பினருமே இதைப் பொறுமையாக வாசிக்கலாம்.

பிறகு தாயகம் திரும்பி, குவாரிஸ்ம் மன்னர் அபுல் அப்பாஸ் மஃமூனிடம் ஆலோசகராகச் சில ஆண்டுகள் இருந்தார். அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. 1017இல் சுல்தான் மஹ்மூத் கஸ்னவி நாட்டைக் கைப்பற்றினார். பிரூனியும் அவருடைய ஆசிரியர் அபூநஸ்ரும் கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். விருந்தாளியா கைதியா என்று சொல்ல முடியாத நிலை. மஹ்மூத் அவரை மாளிகை முகட்டிலிருந்து தள்ளிவிட்டார், சிறையில் போட்டார் என்றெல்லாம் ஒரு பாரசீகக் கதை உண்டு. அதை வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அடுத்த ஆண்டில் அவர் இருந்த நிலைக்கு அவருடைய சொந்த எழுத்தே சாட்சி. 1018 ஒக்டோபர் 14ஆம் திகதி காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்தார். சூரியனின் உயரத்தை அளக்க வேண்டும். கையில் எந்தக் கருவியும் இல்லை. நூஹ் நபியும் லூத் நபியும் பட்ட சோதனைகளை நினைவூட்டி எழுதுமளவு மனம் நொந்திருந்தார். அப்படியிருந்தும் கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் ஒரு வில்லைக் கீறி, பாகைகளைக் குறித்து, ஒரு நூலில் கனத்தைக் கட்டித் தொங்கவிட்டு அளவை எடுத்தார். அந்த வாசிப்பிலிருந்து அந்த இடத்தின் அகலாங்கையும் கணக்கிட்டார்.

இவ்வாறு சேர்த்த அளவுகள்தான் 1025இல் முடித்த தஹ்தீத் என்ற நூலாயின. ஊர்களுக்கிடையிலான தூரங்களையும் நெட்டாங்குகளையும் நிறுவுவது அதன் வேலை. அதன் நோக்கங்களுள் முக்கியமான ஒன்று, கஸ்னியில் தொழுபவர்கள் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பது. கஃபாவின் திசையை அவர் ஒரு வழியில் மட்டும் கண்டுபிடித்துத் திருப்திப்படவில்லை. கோள முக்கோணக் கணிதத்தால் வெவ்வேறு வழிகளில் கணக்கிட்டு விடைகள் ஒத்துப் போகின்றனவா என்று பார்த்தார். நம் ஊர்ப் பழைய பள்ளிவாசல்கள் சிலவற்றில் ஸஃபுகள் சுவருக்குச் சாய்வாக விரிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை விளங்கும். தொழுகையும் முக்கோணக் கணிதமும் அவருக்கு இரண்டு வேறு உலகங்களாக இருக்கவில்லை.

மஹ்மூதின் படைகள் இந்தியாவுக்குள் போனபோது பிரூனியும் அந்தப் பக்கம் போனார். இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில் நந்தனா என்ற கோட்டை இருக்கிறது. அங்கேதான் பூமியின் அளவைக் கண்டார். அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் கலீஃபா மஃமூன் அனுப்பிய அறிஞர்கள் சிஞ்சார் பாலைவனத்தில் கயிறு பிடித்து நடந்து, ஒரு பாகைக்கு எத்தனை மைல் என்று அளந்திருந்தார்கள். அதற்கு ஆளணியும் செலவும் அரச ஆதரவும் வேண்டும். பிரூனியிடம் இவை இல்லை. முன்பு ஜுர்ஜான் பக்கத்துச் சமவெளியில் அவ்வாறு அளக்க முயன்று, உதவி கிடைக்காமல் கைவிட்டவர் அவர். நந்தனாவில் விரிந்த சமவெளியைப் பார்த்தபடி ஒரு மலை நின்றது. பாலைவனத்தில் நடக்கத் தேவையில்லாத வழி அவர் மனதில் ஏற்கெனவே இருந்தது.

முதலில் அடிவாரத்தில் இரண்டு இடங்களிலிருந்து மலையுச்சியின் கோணங்களை எடுத்து மலையின் உயரத்தைக் கணித்தார். 652 முழத்துக்குச் சற்று மேல் வந்தது. பிறகு உச்சியில் ஏறி அடிவானத்தைப் பார்த்தார். பூமி தட்டையாக இருந்தால் அடிவானம் கண்ணின் மட்டத்தில் இருக்கும். உருண்டை என்பதால் சற்றுக் கீழே தாழ்ந்து தெரியும். அந்தத் தாழ்வு 34 கலை, அதாவது அரைப் பாகையை விடச் சற்றே கூட. பூமியின் மையம், மலையுச்சி, அடிவானப் புள்ளி ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம். ஒரு கோணமும் மலையின் உயரமும் தெரிந்தால் ஆரை கிடைத்துவிடும். அவருக்குக் கிடைத்தது ஒரு கோடியே 28 இலட்சம் முழத்துக்கு மேல்.

இதைக் கிலோமீற்றராக மாற்றி, இன்றைய அளவுக்கு இத்தனை கிலோமீற்றர்தான் வித்தியாசம் என்று தசமப் புள்ளியோடு சமூக வலைத்தளங்களில் பரப்புகிறார்கள். அதில் கொஞ்சம் அவதானம் தேவை. அவருடைய முழம் துல்லியமாக எத்தனை சென்ரிமீற்றர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வளிமண்டலம் ஒளியை வளைப்பதால் அடிவானத் தாழ்வே சற்று மாறித் தெரியும். அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. விடை உண்மைக்கு நெருங்கி வந்ததில் நல்வாய்ப்புக்கும் பங்குண்டு. இதைச் சொல்வதால் அவருடைய பெருமை குறையாது. அவரே இந்த விடையை மஃமூன் கால அளவைச் சரிபார்க்கும் ஒரு வழியாகத்தான் வைத்தார், இறுதித் தீர்ப்பாக அல்ல. அவரைப் புகழ்வதற்காக அவர் வெறுத்த மிகைப்படுத்தலையே நாம் செய்வது பொருத்தமில்லை.

இந்தியாவில் அவர் செய்த இன்னொரு வேலை, நடுவயதைத் தாண்டிய பிறகு சமஸ்கிருதம் படித்தது. படை கொள்ளைப் பொருட்களை ஏற்றிக்கொண்டு திரும்பியபோது இவர் பண்டிதர்களைத் தேடி உட்கார்ந்தார். பதஞ்சலியின் யோக நூலை அரபுக்குக் கொண்டு வந்தார். யூக்லிட்டின் வடிவகணிதத்தையும் தொலமியின் வானியலையும் அவர்களுக்காகச் சமஸ்கிருதச் செய்யுளில் ஆக்க முயன்றார். 1030 அளவில் முடித்த இந்தியா பற்றிய பெருநூலில் இந்துக்களின் நம்பிக்கைகளை அவர்களுடைய நூல்களிலிருந்தே எடுத்துக் காட்டினார். தன் கருத்து வேறு என்பதை மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் திணிக்கவுமில்லை. சுல்தானின் படையெடுப்புகள் அந்த நாட்டின் செழிப்பைச் சிதைத்ததையும், அதனால் அந்த மக்களின் மனதில் முஸ்லிம்கள் மீது ஆழமான வெறுப்பு உண்டானதையும் எழுதத் தயங்கவில்லை. அந்தச் சுல்தானின் பரம்பரையிடமே சம்பளம் பெற்றவர் இதை எழுதினார் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பிற சமூகங்களின் நடுவே சிறுபான்மையாக வாழும் நமக்கு, அண்டை வீட்டார் எதை நம்புகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் இந்தப் பழக்கம் தேவையில்லை என்று யார் சொல்ல முடியும்?

அந்த நூலில் நமது தீவும் வருகிறது. முன்னொரு காலத்தில் சரந்தீபின் வளைகுடாவில் முத்துப் படுகைகள் இருந்தன, இப்போது கைவிடப்பட்டுவிட்டன என்கிறார். அதே காலத்தில் ஆபிரிக்கக் கரையின் ஸுஃபாலாவில் முத்துகள் கிடைக்கத் தொடங்கியதால், சரந்தீபின் முத்துகள் அங்கே குடிபெயர்ந்துவிட்டன என்று மக்கள் பேசிக்கொண்டார்களாம். பின்னர் முத்துக் குளிப்பு நம் கரைக்குத் திரும்பியது. முந்நூறு ஆண்டுகள் கழித்துப் புத்தளத்துக்கு வந்த இப்னு பதூதா ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்துகளைக் கண்டார்.

கற்களையும் உலோகங்களையும் நிறுத்த கதைக்கு வருவோம். ஒரு பொருளின் நிறையை அளப்பது இலகு. பருமனை அளப்பதுதான் கடினம். கரடுமுரடான ஒரு மாணிக்கத்தின் பருமனை எந்த அளவுகோலாலும் எடுக்க முடியாது. அடிப்பக்கம் அகன்று கழுத்து மிக ஒடுங்கிய கூம்பு வடிவப் பாத்திரமொன்றை அவர் செய்தார். கழுத்தின் பக்கவாட்டில் கீழ்நோக்கி வளைந்த சிறு குழாய். குழாயின் மட்டம் வரை தண்ணீர் நிரப்பி, கல்லைப் போட்டால் அதன் பருமனளவு தண்ணீர் வெளியேறித் தராசுத் தட்டில் விழும். பாடசாலை ஆய்வுகூடத்தில் யுரேக்கா பாத்திரம் என்று நாம் கையாண்டதன் நெருங்கிய உறவினர் இது. கழுத்தை ஒடுக்கியதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வாய் அகன்றிருந்தால் நீர் மட்டம் மயிரிழை உயர்ந்தாலும் நிறையத் தண்ணீர் கணக்கில் தவறிவிடும். ஒடுங்கிய கழுத்தில் ஒரு துளி கூடினாலும் மட்டம் காட்டிக் கொடுத்துவிடும்.

உலோகங்களுக்குத் தங்கத்தை 100 என்று அளவுகோலாக வைத்தார். இரத்தினங்களுக்கு நீல யாகூத்தை, அதாவது நம் நீலக்கல்லை, 100 என்று வைத்தார். இன்றைய முறைக்கு மாற்றினால் ஈயத்துக்கு 11.4, செம்புக்கு 8.9, இரும்புக்கு 7.8, நீலக்கல்லுக்கு ஏறத்தாழ 3.9 என வருகின்றன. இன்றைய பாடநூல் பெறுமானங்களை அருகில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் வித்தியாசம் மிகச் சொற்பம். வியாபாரத்தில் இதன் பயன் உடனடியானது. பதக்‌ஷான் பகுதியிலிருந்து வந்த லஃல் என்ற சிவப்புக் கல்லும் சிவப்பு யாகூத்தும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். நிறுத்தால் லஃல் இலேசானது. பிரித்தானிய முடியில் நூற்றாண்டுகளாக மாணிக்கம் என்று கொண்டாடப்பட்ட பெரிய சிவப்புக் கல்லொன்று உண்மையில் இந்த வகைக் கல்தான் என்று பிற்காலத்தில் தெரிய வந்தது. பிரூனியின் தராசு அங்கே இருந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். இந்த அட்டவணைகளை 1121இல் தராசு பற்றி ஒரு தனி நூலே எழுதிய அல்காஸினி பாதுகாத்து, மேலும் விரிவாக்கினார்.

முதுமையில், சுல்தான் மவ்தூதின் காலத்தில், இரத்தினங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். மரகதத்தைப் பார்த்த பாம்பின் கண் உருகிவிடும் என்று அன்றைய நூல்கள் எல்லாம் ஒரே குரலில் சொல்லி வந்தன. ஒருவர் எழுதியதை மற்றவர் பிரதி செய்தார். யாரும் பாம்பைத் தேடிப் போகவில்லை. பிரூனி தேடினார். ஒரு பாம்பின் கழுத்தில் மரகத மாலையைச் சுற்றினார், அதன் கூட்டில் மரகதங்களைப் பரப்பினார், முன்னால் மரகதச் சரத்தை ஆட்டிக் காட்டினார். வெயில் காலத்திலும் குளிர் காலத்திலுமாக ஒன்பது மாதங்கள் சோதித்தார். கண் உருகவில்லை. பார்வை இன்னும் கூர்மையாகாமல் இருந்தால் சரி என்ற தோரணையில் ஒரு நையாண்டியோடு முடிக்கிறார். ஈயத்தைத் தங்கமாக்குகிறோம் என்று திரிந்த இரசவாதிகள் மீதும் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. அதேவேளை, பெரும் இரசாயனவியலாளரான அபூபக்ர் அர்ராஸியின் நூல்களைத் தேடிப் பட்டியலிட்டவரும் அவரே. ஒருவருடைய கருத்தை மறுப்பதும் அவருடைய உழைப்பை மதிப்பதும் அவரிடம் சேர்ந்தே இருந்தன.

கஸ்னி வாழ்க்கை முழுவதும் அறிவை மதிக்காதவர்களோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தொழுகை நேரங்களை அறிய அவர் செய்த கருவியொன்றில் ரோம மாதங்களின் பெயர்கள் இருந்தன. நிழல் சூரிய ஆண்டைப் பின்பற்றுவதால் சந்திர மாதங்கள் அதற்குப் பயன்படாது. மார்க்க விடயத்தில் மிகக் கண்டிப்பான ஒருவர், இது காஃபிர்களைப் பின்பற்றுவது, பள்ளிவாசலுக்குள் வரக்கூடாது என்று மறுத்தார். ரோமர்கள் சாப்பிடவும்தான் செய்கிறார்கள், அதிலும் அவர்களைப் பின்பற்றாமல் விட்டுவிடும்படி பிரூனி பதில் சொன்னார்.

இன்னொரு சம்பவத்தை யாகூத் அல்ஹமவி பதிவு செய்திருக்கிறார். தூர வடக்கிலிருந்து வந்த தூதர் ஒருவர், சூரியன் அஸ்தமிக்காமலே சுற்றி வரும் நாட்டைக் கண்டதாகச் சுல்தான் மஹ்மூதிடம் சொன்னார். சுல்தானுக்குக் கோபம். அஸ்தமனம் இல்லையென்றால் தொழுகை நேரம் என்னாவது, இது வழிகெட்ட பேச்சு என்று கொதித்தார். அவர் கண்டதைத்தான் சொல்கிறார் என்று அவையில் ஒருவர் இடைமறித்த பிறகு பிரூனியிடம் கேட்கப்பட்டது. பூமியின் உருண்டை வடிவத்தையும் சூரியனின் பாதையையும் கொண்டு, துருவத்தை நெருங்க நெருங்கப் பகல் நீளும் என்பதை அவர் விளக்கினார். மஹ்மூத் அரைமனதோடு விட்டார். மகன் மஸ்ஊத் அப்படியல்ல. ஆர்வத்தோடு கேட்டுக் கற்றார். 1030இல் ஆட்சிக்கு வந்த அவருக்காகவே பிரூனி தன் பெரும் வானியல் நூலான அல்கானூன் அல்மஸ்ஊதியைப் பதினொரு பாகங்களில் எழுதினார். அதற்காக யானை சுமக்குமளவு வெள்ளியைச் சுல்தான் அனுப்பியதாகவும், தனக்கு இது தேவைப்படாது என்று அவர் திறைசேரிக்கே திருப்பி அனுப்பியதாகவும் யாகூத் சொல்கிறார். றை நகரில் ஏழை என்று ஏளனப்பட்டவர் செய்தது இது.

ஹிஜ்ரி 427இல் தன் நூல்களையும் பட்டியலிட்டபோது நூற்றுக்கு மேல் வந்தன. அதன் பின்னும் எழுதினார். மருந்துப் பொருட்கள் பற்றிய கடைசி நூலில், தன் தாய்மொழியான குவாரிஸ்மியில் விஞ்ஞானம் எழுதினால் அது அந்த மொழிக்கு அந்நியமாகவே தெரியும் என்றும், அரபே அறிவின் மொழி என்றும் எழுதினார். அவருடைய கருத்துகளில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று இருக்கிறதென்றால் இதுதான். அவர் எழுதாமல் விட்ட அந்த மொழி பின்னர் அழிந்தே போனது.

நூல்களில் பெரும்பகுதியும் தொலைந்தது. இப்னு சீனாவின் நூல்கள் இலத்தீனுக்குப் போய் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடமாகின; பிரூனிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஜேர்மனிய அறிஞர் எட்வர்ட் சக்கவ் 1878இலும் 1887இலும் அவருடைய இரண்டு பெருநூல்களின் அரபு மூலத்தை அச்சேற்றிய பிறகே மேற்குலகம் அவரை நன்கு அறிந்தது. அன்று முஸ்லிம் உலகிலும் பலருக்கு அவர் மறந்துபோன பெயராகவே இருந்தார்.

1048 டிசம்பரில் கஸ்னியில் மறைந்தார் என்பது வழமையாகச் சொல்லப்படும் திகதி. தனக்கு எண்பது வயது கடந்துவிட்டதாக அவரே எழுதியிருப்பதால், ஓரிரு ஆண்டுகள் பிந்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடைசி நேரம் பற்றி ஒரு ஃபிக்ஹ் அறிஞர் சொன்னதாக யாகூத் தருகிறார். அவர் பார்க்கப் போனபோது பிரூனிக்கு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அந்த நிலையில், முன்பொரு நாள் இருவரும் பேசிய, வாரிசுரிமையில் தாய்வழிப் பாட்டிமாரின் பங்கு பற்றிய சட்டத்தை மீண்டும் விளக்கும்படி கேட்டார். இந்த நிலைமையிலா என்று வந்தவர் இரக்கத்தோடு தயங்கினார். தெரியாமல் போவதைவிடத் தெரிந்துகொண்டு உலகை விட்டுப் போவது நல்லதல்லவா என்று நோயாளி சொல்ல, அவர் விளக்கினார். பிரூனி அதைத் திருப்பிச் சொல்லி மனதில் பதித்துக்கொண்டார். அறிஞர் விடைபெற்று வெளியே வந்து வீதியில் நடந்துகொண்டிருந்தபோதே அந்த வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது.